பழைய கடைப் பெட்டியில் கிடைத்த காலண்டர், தீப்பெட்டிப் படங்களின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாத்தாவின் மளிகைக் கடையை மூடும்போது பரண்மேல் ஒரு தகரப் பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே சாமி படக் காலண்டர்கள், ரப்பர் பேண்டு போட்ட தீப்பெட்டிப் படக் கட்டுகள், சோப்பு, ஊதுவத்தி உறைகள், சினிமா நோட்டீஸ்கள், குச்சியோடு கூடிய சில தீப்பெட்டிகள். ஒருவர் வந்து மொத்தமாக விலை பேசுகிறார், இவை எவ்வளவு பெறும் என்று கேட்டிருக்கிறீர்கள். விலை என்று கேட்டாலும் அதற்கு முன்னால் தெரியவேண்டியவை இரண்டு: இவை எந்தக் காலத்தவை, அசல் அச்சா பிற்கால மறுஅச்சா. இது தெரியாமல் பேரம் பேசினால் விலையை நிர்ணயிப்பவர் வாங்க வந்தவராகத்தான் இருப்பார். ஆகவே விலையை விட்டுவிடுகிறேன். பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாரும் அதை நேர்மையாகச் சொல்ல முடியாது. வயது பார்ப்பதையும், மேற்கொண்டு கெடாமல் வைப்பதையும் சொல்கிறேன். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்றும், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை வீட்டிலேயே முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தீப்பெட்டிகளைத் தனியாக எடுங்கள். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், உரசும் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். பழைய பெட்டியில் பசை விட்டு, தட்டு நழுவி, இரண்டும் ஒன்றோடொன்று உரசக் கிடக்கும். குச்சிகளை வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, வெறும் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு ஏதாவது லேபிளோடு கிடந்தால் அதைக் கிளறாமல் தீயணைப்பு நிலையத்தில் கேட்பதுதான் சரி. லேபிள் அழகாக இருக்கிறது என்று பழைய வெடிமருந்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இனி வயது. பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: ஒரு தாளுக்கு ஒரே வயது இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கடைக் காலண்டருக்குக் குறைந்தது மூன்று வயது உண்டு. ஓவியம் வரையப்பட்டது ஒரு காலம். அந்த ஓவியத்தைப் பல வண்ணத்தில் அச்சடித்தது ஒரு காலம். அடியில் விட்டிருந்த வெற்றிடத்தில் உங்கள் தாத்தா கடையின் பெயரை அடித்தது இன்னொரு காலம். சிவகாசியில் வேலை இன்றும் அப்படித்தான் நடக்கிறது. ஆடிப் பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பம் வெளிவரும்; ஏஜெண்டு அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டுவார்; கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார்; முன்பே அச்சாகித் தயாராக இருக்கும் தாளில் பெயரும் முகவரியும் மட்டும் பிறகு ஏறும். நன்றாக ஓடிய படத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். விற்காமல் மிஞ்சிய தாள் மறுவருடம் வேறொரு கடைப் பெயரோடு வெளியே போகும்.

இதனால்தான் ஓவியர் கையெழுத்தைப் பார்த்து வயது சொல்வது ஆபத்து. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவை (1898–1976) எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகத் திரைச்சீலை எழுதி, பிறகு காலண்டர் படத்துக்கு வந்தவர். அவருடைய கஜலட்சுமி தமிழ்நாட்டில் எத்தனை பூஜையறைகளில் தொங்கியது என்று கணக்கே எடுக்க முடியாது. சுப்பையா, ராமலிங்கம், சீனிவாசன், அருணாசலம் என்று சீடர்களும் அதே பாணியில் வரைந்தார்கள். சில படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். ஆனால் அந்தக் கையெழுத்து ஓவியத்தின் ஒரு பகுதி. ஓவியத்தைப் பிளேட்டுக்கு மாற்றும்போது கையெழுத்தும் கூடவே போய்விடும். எனவே மூலையில் பெயர் இருப்பது யார் வரைந்தது என்பதற்குத்தான் சாட்சி. அந்தத் தாள் அவர் வாழ்ந்த காலத்தில் அச்சானது என்பதற்கு அது சாட்சியே இல்லை.

தேதித் தாள் கட்டு மிச்சமிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆண்டு போட்ட மேல்தாள் கிழிந்துபோயிருந்தாலும் தேதியும் கிழமையும் போதும். ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை என்று ஒரு தாள் சொன்னால் அது 1947, 1952, 1958, 1969, 1975, 1980 இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அங்கேதான் தமிழ் வருடப் பெயர் கைகொடுக்கும். அறுபது வருடச் சுற்றில் 1947 சித்திரையில் பிறந்தது சர்வசித்து, 1958 விளம்பி, 1969 சௌமிய, 1975 ராட்சச. கிழமையும் வருடப் பெயரும் ஒத்துப்போனால் ஆண்டு உறுதி. அதற்குமேல் வாதமே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேதித் தாள் கட்டை அட்டையோடு பிணைத்த கம்பியைப் பாருங்கள். துருக்கறை அட்டையிலும் தாளிலும் ஒரே இடத்தில் பதிந்திருக்க வேண்டும். வேறு அட்டையிலிருந்து எடுத்துச் சேர்த்த கட்டு என்றால் கறை பொருந்தாது, பழைய துளை வேறிடத்தில் தெரியும்.

அடுத்து லென்ஸ். படத்தில் முகமோ வானமோ, வண்ணம் மெல்ல மாறும் இடத்தில் வைத்துப் பாருங்கள். கல் லித்தோவாக (கல்லில் வரைந்து, அதிலிருந்து அச்சடிக்கும் முறை) இருந்தால் ஒழுங்கற்ற பொடிப் புள்ளிகள் தெரியும்: ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கன்னத்தின் வளைவோடு சேர்ந்து வளைந்து போகும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல். அதில் தேர்ந்த ஆள் ஒருவர் கையாலேயே புள்ளி வைத்திருப்பார். எண்ணெய்ப் பசையுள்ள கோடு மையைப் பிடிக்கும், ஈரமான கல் மையைத் தள்ளும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. 1790களின் இறுதியில் பவேரியாவில் அலோய்ஸ் செனபெல்டர் கண்டுபிடித்தது. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் இதே முறையில்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுகளுக்குள் கொண்டுபோனது. ரோஸ், இளநீலம், பழுப்பு என்று கூடுதல் வண்ணக் கற்களும் இருந்ததால் தோல் நிறத்தில் ஒரு குழைவு வரும். இன்றைய அச்சில் அது வராது.

ஆப்செட் (உலோகப் பிளேட்டிலிருந்து ரப்பர் உருளை வழியே தாளில் அச்சடிக்கும் முறை) என்றால் லென்ஸில் வேறு காட்சி. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் ஒழுங்கான வரிசைப் புள்ளிகளாக, வெவ்வேறு கோணத்தில் விழுந்து, சேருமிடத்தில் பூவிதழ் போல வட்டமாகக் கூடியிருக்கும். இது கேமரா வழியே, படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் ஸ்கிரீன் போட்டு வண்ணம் பிரித்த வேலை. புள்ளிப் பூ கண்ணில் பட்டால் கல் லித்தோ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் இதைத் தலைகீழாகத் திருப்ப முடியாது. புள்ளிப் பூ இல்லை என்பதால் மட்டும் லித்தோ ஆகிவிடாது. தீப்பெட்டிப் படங்கள் பெரும்பாலும் கோட்டோவியம், மூன்று நான்கு தட்டை வண்ணம். அவற்றை ஆப்செட்டில் அடித்தாலும் புள்ளி இருக்காது. கோட்டுப் படத்தில் கல்லா, துத்தநாகப் பிளேட்டா, ஆப்செட்டா என்று லென்ஸை மட்டும் வைத்து அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைப் பெயரை ஏற்றியது பெரும்பாலும் டிரெடில் (காலால் மிதித்து ஓட்டும் சிறிய இயந்திரம்) அச்சு, ஈய எழுத்து. இதை அறிய லென்ஸ்கூட வேண்டாம். தாளைப் புரட்டி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து அழுந்திய மேடு பின்பக்கம் தெரியும். முன்பக்கம் லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி, நடுவைவிடக் கறுப்பாக ஒரு விளிம்பு கட்டியிருக்கும். படம் ஆப்செட், பெயர் ஈய எழுத்து என்ற கலவை ஒரே தாளில் இருப்பது மிகச் சாதாரணம். அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சமீபத்து டிஜிட்டல் மறுஅச்சு லென்ஸில் உடனே சிக்கும். இங்க்ஜெட் என்றால் தூவியது போன்ற நுண்புள்ளி, வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்திலும் ஒன்றிரண்டு. லேசர் என்றால் பொடி உருகி மேலே படிந்த பளபளப்பு. பழைய ஆப்செட் படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அடித்திருந்தால் பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதி அலையலையாகக் கோலம் விழும். இதைவிட எளிய சோதனை மடிப்புக் கோடு. மறுஅச்சில் மடிப்பும் கிழிசலும் கறையும் படமாகவே அச்சாகியிருக்கும்: கண்ணுக்குத் தெரியும், விரல் நுனிக்குத் தட்டாது. பின்பக்கம் அந்த இடம் மழமழவென்று இருக்கும்.

மூன்றாவது, தாளில் உள்ள எழுத்து. என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது, ஏனென்றால் சட்டமும் அரசாணையும் தேதியோடு வருபவை. விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 0-2-6 என்று இடையில் கோடு போட்டிருந்தால் இரண்டணா ஆறு பை. 1957 ஏப்ரல் 1க்கு முந்தைய கணக்கு. "ந.பை." என்று இருந்தால் நயா பைசா, 1957க்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது. வெறும் "பைசா" என்றால் அதற்குப் பிறகு. நடைமுறையில் மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அணாவும் பைசாவும் சேர்த்துப் போட்ட லேபிள் கிடைத்தால் அது மாறுகாலத்துச் சரக்கு, விட்டுவிடாதீர்கள். எடையும் இப்படித்தான். பலம், வீசை, ராத்தல், அவுன்ஸ் என்று மட்டும் இருந்தால் 1960களின் தொடக்கமோ அதற்கு முன்போ; மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக வந்து 1960களின் தொடக்கத்தில் கட்டாயமானது. பொட்டலத்தின் மேல் விலை, நிகர எடை, தயாரித்த மாதம் என்று வரிசையாக இருந்தால் பெரும்பாலும் 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது.

முகவரியும் நிறையச் சொல்லும். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. "மதராஸ்-1", "சென்னை-17" என்று ஊர்ப்பெயரோடு ஒட்டிய எண் அதற்கு முந்தைய பழக்கம், ஆனாலும் வெகுகாலம் கூடவே ஓடியது. "சென்னை மாகாணம்", "சென்னை ராஜ்யம்" என்பவை 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முந்தியவை. சிவகாசிச் சரக்கில் இன்னொரு வசதி உண்டு. "சிவகாசி, ராமநாதபுரம் ஜில்லா" என்றிருந்தால் 1985க்கு முன். அந்த ஆண்டில்தான் காமராசர் மாவட்டம் பிரிந்தது. 1997 முதல் அது விருதுநகர் மாவட்டம். பழைய பிளேட்டையே மாற்றாமல் ஓட்டியவர்களும் இருந்தார்கள் என்பதால் ஓரிரு வருடம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் விளம்பரம் ஏதாவது இருந்தால் சட்டப்படியான எச்சரிக்கை வாசகத்தைத் தேடுங்கள். 1975 சட்டத்துக்குப் பிறகுதான் அது வந்தது.

தமிழ் எழுத்து வடிவத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். ணை, லை, ளை, னை துதிக்கை போட்டும், ணா, றா, னா சுழித்தும் எழுதிய பழைய வடிவம் 1978 அரசாணையோடு பாடநூல்களிலும் அரசு அச்சிலும் மாறியது. அந்த ஆணையில் மாறியவை 13 எழுத்துகள். பழைய வடிவம் இருந்தால் 1978க்கு முன் என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஈய எழுத்து வாங்கி வைத்த சிறிய அச்சகங்கள் அது தேயும்வரை பழையதையே ஓட்டின. கையால் எழுத்து வரையும் ஓவியர்கள் பழகிய வடிவத்தை விடவில்லை. புதிய வடிவம் இருந்தால் 1978க்குப் பின் என்பது இன்னும் பலமான அனுமானம், அதற்கும் ஒரு விலக்கு உண்டு: பெரியார் தம் குடிஅரசு இதழில் 1935 முதலே இந்தச் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். ஆகவே சுயமரியாதை இயக்கத்து நோட்டீஸ், அழைப்பிதழ் ஏதாவது உங்கள் பெட்டியில் இருந்தால் எழுத்தை வைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

கொடியும் தலைவர் படமும் போட்ட லேபிள்களைத்தான் வாங்க வருபவர் முதலில் பொறுக்கி எடுப்பார். மூவண்ணத்தின் நடுவில் ராட்டை என்றால் 1931க்கும் 1947க்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1947 ஜூலை 22இல் அசோகச் சக்கரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இங்கும் "வாய்ப்பு" என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் கதர் சார்ந்தவர்கள் ராட்டையை அதற்குப் பிறகும் போட்டார்கள். தேசியக் கொடியையும் தலைவர்கள் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950இல் ஒரு சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் காந்தி படத்துக்கு ஒரு விநோதமான விலக்கு இருக்கிறது: தயாரித்தவர், அச்சடித்தவர் பெயர் மட்டும் போட்டு, சரக்கு விளம்பரத்துக்குப் பயன்படாத காலண்டரில் அவர் படம் இருக்கலாம். காந்தி படத்துக்கு அடியில் கடைப் பெயர் இல்லாமல் அச்சகத்தின் பெயர் மட்டும் இருக்கும் காலண்டரைப் பார்த்தால் முடிக்காமல் விட்ட வேலை என்று நினைக்காதீர்கள். அது அப்படியே விற்கப்பட்டதாக இருக்கலாம்.

தீப்பெட்டிப் படங்களுக்குத் தனியாகக் கொஞ்சம். 1920களின் தொடக்கம்வரை இங்கே எரிந்த குச்சி பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் சரக்கு. இறக்குமதி வரி ஏறியதும் சுவீடன்காரர்களே 1923இல் விம்கோ என்ற தீப்பெட்டி நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே உற்பத்தி செய்தார்கள். அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசி அச்சு நகரமானதற்குத் தீப்பெட்டிதான் தாய்வேர். நன்றாக விற்ற பிராண்டின் படத்தை ஒட்டி, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, சிறுத்தையின் முகத்தை இடமிருந்து வலமாகத் திருப்பி வந்த போலிகள் ஏராளம். இந்தப் போலிகள் அக்காலத்தவையே. எழுத்துப் பிழையோடு இருப்பதால் இன்றைய மறுஅச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் சிலர் இவற்றைத்தான் தேடுகிறார்கள்.

பசை படாத, புத்தம் புதிதான லேபிள் கட்டு என்பதாலும் சந்தேகப்பட வேண்டாம். பெரிய தாளில் ஒரே லேபிளைப் பலமுறை பதித்து அடித்து, கட்டிங் மெஷினில் வெட்டி, கட்டுக் கட்டாகத்தான் தொழிற்சாலைக்குப் போகும். மிச்சம் அப்படியே தங்கிவிடும். ஒரே கட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டை எடுத்துப் பரப்பிப் பாருங்கள். வெட்டு ஓரம் ஒன்றில் இடப்பக்கம் அகலமாகவும் இன்னொன்றில் வலப்பக்கம் அகலமாகவும் இருக்கும். சிவப்பு ஒன்றில் கோட்டுக்கு வெளியே வழிந்திருக்கும், ஒன்றில் சரியாக உட்கார்ந்திருக்கும். ஓட்ட ஓட்ட ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகுவது இயல்பு. எல்லாமே மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மரச்சில்லுப் பெட்டிமேல் ஒட்டிய தாள் லேபிள் பழையது. அட்டையிலேயே நேராக அச்சடித்து மடித்த பெட்டி பிந்தையது. விலை அச்சாகியிருந்தால் 1 ரூபாய் 2007க்குப் பின், 2 ரூபாய் 2021 டிசம்பருக்குப் பின்.

இனித் தாள். புறஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது 1950வாக்கில்தான் காகிதத் தொழிலுக்குள் வந்தது. எனவே 1930 என்று விற்கப்படும் லேபிள் ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. மலிவான தாளில் பின்னாளிலும் அந்த ரசாயனம் சேர்ப்பதில்லை. டார்ச்சைக் கண்ணில் அடித்துக்கொள்ளாதீர்கள், மேசை விரிப்பு சலவைப் பொடியால் தானே ஒளிரும் என்பதால் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள்.

பழுப்பு நிறத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். உண்மையான பழுப்பு காற்றுப்படும் ஓரத்திலிருந்து உள்ளே நகரும். கட்டின் மேல்தாளும் அடித்தாளும் கறுத்து, நடுவில் உள்ளவை ஓரம் மட்டும் பழுத்து உள்ளே வெளுப்பாக இருக்கும். தேநீரில் நனைத்த தாள் இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பழுத்து, மூலையில் வடிந்த இடத்தில் கோடு கட்டியிருக்கும். தாளும் லேசாகச் சுருங்கியிருக்கும். நீல நிறமாகிப்போன சாமி படம் வேறு விஷயம். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் தங்கும். நீலம் பாரித்த ஆப்செட் காலண்டர் வெளிச்சத்தில் தொங்கியது என்றுதான் பொருள், பழையது என்றல்ல. ஜன்னல் எதிரே சில வருடம் மாட்டினாலே அந்த நிலைக்கு வந்துவிடும்.

பாதுகாப்பில் செய்யக்கூடாதவைதான் முக்கியம். லேமினேஷன் கூடவே கூடாது: சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. செல்லோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி எண்ணெய்போல ஊடுருவும். ஃபெவிகால் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. துரிசு (மயில்துத்தம்) கலந்த மைதாப் பசை பூச்சியைத் தடுக்கும், தாளையும் சேர்த்து அரிக்கும். கிழிசலை ஒட்டியே ஆகவேண்டும் என்றால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்; அதுவும் பழகிய கையால், பின்பக்கத்தில். மரப்பெட்டிமேல் ஒட்டிய லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள். அந்தக்காலச் சிவப்பு மை கரைந்து ஓடும், லேபிளைவிடப் பெட்டி முழுதாக இருப்பதே நல்லது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பிரேம் படத்தையும் இழுக்காதீர்கள். வார்னிஷ் பூசிய படம் ஈரத்தில் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், இழுத்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாக வரும். கண்ணாடியோடு அப்படியே வைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மைப்பரப்பைச் சுரண்டியதுபோல் ஒழுங்கற்ற தேய்வு தெரியும். இருந்தால் தாள்களை பாலித்தீன் பையில் காற்று நீக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி காட்டும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க வெளியே இருந்து அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரியுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு இந்த வைத்தியம் போதாது. அதை உலர்த்தி, மென்மையான தூரிகையால் வெளியே கொண்டுபோய்த் துடைக்க வேண்டும், முகமூடி அணிந்து. வேப்பிலை, வசம்பு வைக்கும் பழக்கம் இருந்தால் தாளின்மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை பிடிக்கும். அந்துருண்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. மூடிய அறையில் அதன் ஆவி மனிதருக்கும் நல்லதல்ல.

வைக்கும் உறை பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன். நெடியடிக்கும் மெத்தென்ற பிவிசி ஆல்பம் வேண்டாம், மை அதில் ஒட்டிக்கொள்ளும். தாளுக்கு இடையில் அமிலமற்ற காகிதம், படுக்கைவாட்டில் அடுக்கிய இரும்பு அலமாரி, வெளிச்சுவரை ஒட்டாத இடம். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். கடலோர ஊர்களில் வருடம் முழுக்க இதைக் கட்டிக்காப்பது கஷ்டம். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதைச் சூடாக்கி உலர்த்தி எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். காலண்டரின் மேலும் கீழும் உள்ள தகரப் பட்டை துருப்பிடித்திருந்தால் கழற்ற முயலாமல், துரு அடுத்த தாளில் படாதபடி இடையில் பாலியெஸ்டர் தாள் வையுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது தீப்பெட்டிப் படத்துக்கு 600 டிபிஐ, காலண்டருக்கு 300 போதும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஷார்ப்பனிங் (கூர்மையாக்குவது), டீஸ்கிரீன் (அச்சுப் புள்ளியை மழுப்புவது) எல்லாம் அணைத்துவிட்டு மூலக் கோப்பை அப்படியே வைத்து, அழகுபடுத்துவதை நகலில் செய்யுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பாதிச் சாட்சியம் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படங்களை டி-சர்ட்டிலும் குவளையிலும் அச்சடித்து விற்கலாமா என்று கீழே கேட்டிருந்தீர்கள். பழையது என்பதாலேயே உரிமை அற்றுப்போவதில்லை. இந்தியச் சட்டத்தில் ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1906இல் இறந்த ரவிவர்மாவின் ஓவியங்களுக்குத் தடையில்லை. கொண்டையராஜு ஓவியங்களுக்கு 2036 முடியும்வரை காலம் இருக்கிறது. உரிமை அவர் குடும்பத்திடமா, வரையச் சொன்ன அச்சகத்திடமா என்பது அன்றைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெயரில்லாத லேபிளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. இதற்குமேல் பிராண்டு பெயர் இன்னும் வியாபாரத்தில் இருந்தால் டிரேட்மார்க் தனி. விற்க நினைப்பவர் வக்கீலைப் பார்ப்பது நல்லது, நான் சட்டக்காரன் அல்ல.

பெட்டியை மொத்தமாகக் கொடுப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். நூறு வருடத்தைத் தாண்டியது ஏதாவது இருந்து, வாங்குபவர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் 1972இன் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். கொடுத்துவிடத்தான் மனம் என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். எந்த முடிவானாலும், எந்தக் கட்டு எதோடு சேர்ந்து கிடந்தது என்ற வரிசையைக் கலைக்குமுன் புகைப்படம் எடுத்துவிடுங்கள். தாத்தாவின் பில் புத்தகம், பேரேடு, மொத்த வியாபாரி அனுப்பிய சீட்டு ஏதாவது அதே பெட்டியில் இருந்தால் குப்பை என்று பிரித்துவிடாதீர்கள். இந்த லேபிள் இந்த ஊருக்கு இந்த ஆண்டில் வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே காகிதம் அதுவாக இருக்கலாம். சந்தேகமானவற்றில் நாலைந்தை முன்பக்கம், பின்பக்கம், லென்ஸை மொபைல் கேமராமேல் வைத்து நெருக்கமாக ஒன்று என்று மூன்று மூன்று படமாகப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.